இன்ஜின் போன மினி டிராக்டரா, புதுப் பெயின்ட் அடித்ததா?

கையில் இரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. நிலம் ஐந்து ஏக்கர்: இரண்டு ஏக்கர் வாழை, ஒன்றரை ஏக்கர் மல்பெரி, மீதியில் பாக்கு. கோபி, சத்தியமங்கலம் பக்கம் இப்படிப்பட்ட தோட்டம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். வண்டித் தரகர் மூன்று பழைய மினி டிராக்டர்களைக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, ஒற்றைச் சிலிண்டர் 15 எச்.பி. வண்டி. இன்ஜின் போய்விட்டது, கொட்டகையில் கோழி அடைந்து கிடக்கிறது. இரண்டாவது, மூன்று சிலிண்டர், நான்கு சக்கர இழுவை. சாவி போட்டவுடன் கிளம்புகிறது, ஆனால் முன் அச்சில் எண்ணெய் கசிகிறது. மூன்றாவது, கண்ணாடி போலப் பெயின்ட் மின்னுகிறது, இருக்கை உறைகூடப் புதிது, எந்தக் குறையும் இல்லை என்கிறார்கள். விலையும் அதே வரிசையில் ஏறுகிறது.

பெரும்பாலானவர்கள் முதல் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஓடாத வண்டியை யார் வாங்குவார்கள் என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை மூன்றில் நிதானமாகப் பேசி வாங்கத் தக்கது அதுதான். ஏன் என்று சொல்வதற்கு முன்பு, பழைய வண்டி வாங்குவதே சரிதானா என்பதைப் பார்த்துவிட வேண்டும். புது வண்டி, வாடகை வண்டி, இதே பணத்துக்குக் கிடைக்கும் பழைய பெரிய டிராக்டர், பின்னால் நடந்தபடி கையால் பிடித்து உழும் பவர் டில்லர் என்று நான்கு போட்டியாளர்கள் வெளியே நிற்கிறார்கள்.

மினி தேவைதானா?

இதற்கு விடை சொல்வது பயிர் இடைவெளி. தென்னைக்குப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 25 அடிக்கு 25 அடி. அதில் 40 எச்.பி. டிராக்டர் ஆறடி ரோட்டவேட்டரோடு (சுழல் கலப்பை) தாராளமாகப் போய்வரும். தென்னை மட்டுமே வைத்திருப்பவர் மினி டிராக்டர் தேடுவது, சொட்டுநீர்க் குழாய் சிக்கல் இருந்தாலொழிய, பெரும்பாலும் ஆசைதான். வாழை அப்படியில்லை. ஆறடிக்கு ஆறடி நட்ட தோட்டத்தில் பெரிய வண்டி நுழைந்தால் மரம் போகும். பாக்குக்கு ஒன்பதடி, நுழையலாம், திரும்ப முடியாது. இணைவரிசை மல்பெரியில் இரண்டு இணைகளுக்கு நடுவே ஐந்தடி விடுகிறார்கள். அகன்ற பார் கரும்பிலும் கிட்டத்தட்ட அதே ஐந்தடிதான். மினி டிராக்டர் பிறந்ததே இந்த இடங்களுக்காக. மகாராஷ்டிரத்து நாசிக் திராட்சைத் தோட்டங்களிலும் நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் அது வேரூன்றியதற்கும் காரணம் இந்த அகலம்தான்.

அடுத்தது மணிக்கணக்கு. ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டர், மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், திரும்பும் நேரம் போக ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். மேலே சொன்ன தோட்டத்தில் மல்பெரிக்கு ஆண்டுக்கு ஐந்து அறுவடை, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஓர் உழவு என்றால் 15 மணி நேரம். வாழைக்கு நான்கு முறை என்றால் 16 மணி. பாக்குக்கு மூன்று முறை, 9 மணி. ஆக 40 மணி நேரம். எரு ஏற்றுவது, தழை கொண்டு வருவது, மருந்தடிப்பது எல்லாம் சேர்த்தாலும் எழுபதைத் தாண்டுவது கடினம். வண்டி வாங்கும் ஆசையில் இருப்பவர்கள் இந்த எண்ணைத்தான் மனத்துக்குள் இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

ஐந்து ஆண்டுக் கணக்கு

இனி வரும் தொகைகள் எல்லாம் நான் கணக்குக்காக வைத்துக்கொள்பவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மினி டிராக்டர் வாடகை, ஓட்டுநரோடு, மணிக்கு 800 ரூபாய். சொந்த வண்டி மணிக்கு இரண்டு லிட்டர் டீசல் குடிக்கும்; லிட்டர் 92 ரூபாய் என்றால் 184 ரூபாய். ஓட்டுவது நீங்களே என்பதால் கூலி கிடையாது. எனவே சொந்த வண்டி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 616 ரூபாய் மிச்சம். அந்த மிச்சம் வண்டியின் ஆண்டுச் சுமையைத் தாங்க வேண்டும்.

பழுதுள்ள பழைய வண்டிக்கு 1,20,000, பழுது நீக்க 60,000, ஏற்றிவர, பெயர் மாற்ற, காப்பீடு எடுக்க 10,000. மொத்தம் 1,90,000 ரூபாய். ஐந்து ஆண்டு கழித்து 90,000க்கு விற்கலாம் என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 20,000. முடங்கிய பணத்துக்கு 9 சதவீத வட்டி வைத்தால் சராசரியாக 12,600. ஆண்டுப் பராமரிப்புக்கு 12,000. சுமை 44,600 ரூபாய். 616ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 72 மணி நேரம் ஓடினால்தான் வாடகைக்குச் சமம்.

மானியம் இல்லாமல் புது வண்டி 3,20,000 என்று வைத்து இதே முறையில் போட்டால், ஐந்து ஆண்டில் 1,90,000க்கு விற்பதாகவும் பராமரிப்பு 6,000 என்றும் கொண்டால், சுமை ஏறத்தாழ 55,000 வருகிறது. சமநிலை 89 மணி நேரம். 1,10,000 ரூபாய் மானியம் கிடைத்தால் சுமை 28,000க்கு இறங்கிவிடும். 45 மணி நேரமே போதும்.

இந்தக் கணக்கில் நான் நின்று பார்ப்பது ஒரே இடத்தில். பழைய வண்டிக்கும் மானியமில்லாப் புது வண்டிக்கும் ஆண்டுச் சுமையில் உள்ள வித்தியாசம் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 52,000. வாங்கும்போது 1,30,000 ரூபாய் மிச்சம் பிடித்ததாகத் தோன்றுகிறதே, அது உண்மையில் இவ்வளவுதான். ஒரு கியர்பாக்ஸ் வேலை வந்தால் அந்த மிச்சம் முழுக்கப் போய்விடும். ஆகவே பழைய வண்டியில் பழுது இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. பழுது எங்கே இருக்கிறது, எவ்வளவில் முடியும் என்பது வாங்குமுன்பே தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

மானியத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலின, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு, கிடைக்கும். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். புது இயந்திரத்துக்கு மட்டுமே தருவார்கள். பழைய வண்டிக்குச் சல்லிக்காசு கிடையாது. சிறு, குறு விவசாயிச் சான்றிதழ் உள்ளவர், வரிசையில் காத்திருக்கப் பொறுமையும் உள்ளவர் என்றால், பழைய வண்டியைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. எந்தப் பழைய வண்டியும் அந்த 28,000 ரூபாய்ச் சுமையோடு போட்டி போடாது. இன்னொரு மாற்றமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5ஆகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கும் உதிரிபாகங்களுக்கும் 18இலிருந்து 5ஆனது. அதற்கு முந்தைய புது விலையை மனத்தில் வைத்து இன்றைக்கும் பழைய வண்டிக்கு விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேரம் பேசுமுன் ஷோரூமில் இன்றைய விலைப்பட்டியலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு முடிகிற பழுதும் முடியாத பழுதும்

முதல் வண்டிக்கு வருவோம். இன்ஜின் போன ஒற்றைச் சிலிண்டர். மகேந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்றவை இந்த ரகம். ஒரு லைனர், ஒரு பிஸ்டன், ஒரு ரிங் செட், ஒரு நாசில். மேலே ஹெட்டைக் கழற்றி, அடியில் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பை இறக்கினால் உள்ளே நடந்தது அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். லைனரில் கோடு விழுந்திருக்கிறதா, கிராங்க் தேய்ந்திருக்கிறதா, கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறதா என்று லேத் பட்டறைக்காரர் அளந்து சொல்லிவிடுவார். அதன் பிறகு உதிரிபாகக் கடையில் விலை கேட்டு, கூலியைச் சேர்த்து, ஒரு தாளில் எழுதிவிடலாம். அந்தத் தாளை விற்பவரிடம் காட்டி விலையைக் குறைக்கவும் சொல்லலாம். ஓடாத வண்டிக்கு வாங்குபவர்கள் குறைவு. பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும். வேலை முடிந்து வரும்போது உங்களிடம் இருப்பது புதிதாகக் கட்டிய இன்ஜின்.

ஆனால் இன்ஜின் ஓடாத வண்டியில் கியர்பாக்ஸையும், பின்னால் கருவியைத் தூக்கும் லிப்டையும் எப்படிச் சோதிப்பது? இது நியாயமான கேள்வி. முதல் வண்டியின் உண்மையான ஆபத்தும் இதுதான். சில வழிகள் உண்டு. கியர்பாக்ஸ் எண்ணெயை வடிக்கும் திருகாணியைக் கழற்றி, முதல் கிண்ணம் எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மாவு போன்ற மிக நுண்ணிய துகள் இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரல் நுனியில் நெருடும் சில்லு அகப்பட்டால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது. எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிறகு வண்டியை இன்னொரு டிராக்டரால் மெதுவாக இழுக்கச் சொல்லி, கிளட்சை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் போட்டுப் பாருங்கள். உறுமல், இடறல், கியர் தானாக விலகுதல் எல்லாம் காதுக்கும் கைக்கும் தெரியும். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் பள்ளங்கள் கத்திமுனை போலக் கூர்ந்திருந்தால் அந்த வண்டி ரோட்டவேட்டரிலேயே ஆயுளைக் கழித்தது என்று பொருள்; வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மணிக்காட்டி சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். எத்தனையோ வண்டிகளில் அதன் கம்பி என்றைக்கோ அறுந்துபோயிருக்கும். பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் அதைவிட நேர்மையான சாட்சிகள்.

இத்தனையையும் செய்யவிடாமல், "இருக்கிறபடி எடுத்துக்கொண்டு போங்கள், விலையில் குறைத்துவிடலாம்" என்று விற்பவர் சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது வண்டி, கிளம்புகிற நான்கு சக்கர இழுவை. பெங்களூர் வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷி சக்தி என்ற பெயரில் விற்ற 18.5 எச்.பி. எம்.டி. 180 டி நம் பக்கத்தில் நிறையக் கைமாறுகிறது. மூன்று சிலிண்டர் என்பதால் ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் உதறல் இல்லை. நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு பிழைக்கும். சேற்றிலும் பிடிப்பு நன்றாக இருக்கும். ஓட்டுவதற்கு எது இனிமை என்று கேட்டால் சந்தேகமில்லாமல் இதுதான். சிக்கல் அந்த முன் அச்சின் எண்ணெய்க் கசிவில் இருக்கிறது. அது இருநூறு, முந்நூறு ரூபாய் ஆயில் சீலாகவும் இருக்கலாம். சீல் போய்ச் சேறு உள்ளே புகுந்து, பேரிங்கையும் பெவல் கியரையும் அரைத்துவிட்ட கதையாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கசிவுதான். பிரித்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பிரிக்க விற்பவர் சம்மதிப்பதில்லை, ஏனென்றால் வண்டிதான் ஓடுகிறதே!

பழைய சிறு டிராக்டர் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆங்கில அறிவுரைகள் பெரும்பாலும் பனி விழும் ஊர்களுக்கானவை. ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து பிளாக் வெடித்திருக்கிறதா பாருங்கள் என்று தொடங்கும். அது நமக்குப் பொருந்தாது. நம் எதிரி சேறு. அதனால் வண்டி எந்த ஊரில் உழைத்தது என்று கேளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு செய்த வண்டிக்கு அச்சு, சக்கரக் குடம், பிரேக் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. திராட்சைத் தோட்டத்து வண்டிக்கு மருந்துத் தெளிப்பால் தகடும் மின்கம்பியும் அரித்திருக்கும், உள்ளுறுப்பு பரவாயில்லாமல் இருக்கும். செங்கல் சூளையில் பாரம் இழுத்த வண்டிக்குக் கிளட்சும் கியரும் தேய்ந்திருக்கும். ஒரே மாடல், ஒரே ஆண்டு, மூன்று வேறு வண்டிகள்.

இரண்டாவது வண்டியை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன் அச்சு எண்ணெயை வடித்துப் பார்க்க அனுமதி கிடைத்து, அது சுத்தமாக இருந்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஆட்டும்போது ஆட்டம் இல்லாமல் இருந்தால், முதல் வண்டியைவிட முப்பதாயிரம் அதிகம் கொடுத்தும் வாங்கலாம். அனுமதி இல்லையென்றால், அச்சு முழுவதும் போய்விட்டது என்றே கணக்குப் போட்டு விலை கேளுங்கள்.

மூன்றாவது வண்டியிடம் எனக்குப் பரிவே இல்லை. புதுப் பெயின்ட் எண்ணெய்க் கசிவின் தடத்தையும் வார்ப்பிரும்பில் பற்றவைத்த விரிசலையும் ஒரே சமயத்தில் மறைக்கிறது. கல்யாண வீட்டு அலங்காரத்தில் பெண் பார்க்கிற மாதிரிதான். வாங்கியே தீர வேண்டும் என்றால், சொல்லிக்கொள்ளாமல் காலையில் போய், இன்ஜின் மேல் கை வைத்துச் சூடு இருக்கிறதா பாருங்கள். நீங்கள் வருவது தெரிந்தால் முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பார்கள்; சூடான இன்ஜின் எளிதில் கிளம்பும். குளிர்ந்த நிலையில் கிளப்பி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் போய்விட்டது. புகை நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை சூடானபின்னும் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட்டிலோ நாசிலிலோ வேலை. பாரம் இல்லாமலே கரும்புகை கக்கினால் பம்ப்பையும் நாசிலையும் பம்ப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டு இன்ஜினை அணையுங்கள். விலைப் பேச்சை வேறு எங்காவது தொடங்குங்கள். கால் மணி நேரத்துக்குள் அது தரையைத் தொட்டால் லிப்டில் கசிவு. பிரேக்கை அழுத்தி, மேல் கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் நின்றுபோக வேண்டும். நிற்காமல் உறுமினால் கிளட்ச் பிளேட் முடிந்தது. பிளேட்டின் விலை பெரிதில்லை. ஆனால் அதை மாற்ற வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும்; கூலி அங்கேதான் ஏறுகிறது.

டயர், பேட்டரி, செல்ப் மோட்டார், ரேடியேட்டர், லிப்ட் சீல், கிளட்ச், ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஆகியவற்றை எல்லாம் முடிவு தெரிந்த செலவுகள் என்று பிரித்து வைத்துக்கொள்வேன். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், நான்கு சக்கர இழுவையின் முன் அச்சு, விரிசல் விட்ட வார்ப்பு உடல் ஆகியவை முடிவு தெரியாதவை. பிந்தையவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை எடைக்குப் போடும் விலைக்கு மேல் கேட்காதீர்கள்.

உதிரிபாகம் எந்த ஊரில் கிடைக்கும்?

மினி டிராக்டரில் எச்.பி.யைவிட முக்கியமான விஷயம் இது, ஆனால் தரகர் இதைப் பேசவே மாட்டார். வண்டியைப் பார்க்குமுன் உங்கள் தாலுகா தலைநகரில் உள்ள உதிரிபாகக் கடைக்குப் போய், அந்த மாடலுக்கு கிளட்ச் பிளேட், லைனர் செட், முன் சக்கர ஆயில் சீல் மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றும் அலமாரியிலிருந்து வந்தால் நல்லது. "சொல்லிவிட்டால் கோயம்புத்தூரிலிருந்து வரும்" என்றால் தாங்கலாம். "அந்த மாடல் நிறுத்திவிட்டார்களே" என்று இழுத்தால் வண்டி இலவசமாகக் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும். குஜராத்தில் செய்து சில ஆண்டுகள் இங்கே விற்று, பிறகு இங்குள்ள விற்பனையாளர் கடையை மூடிவிட்ட மினி வண்டிகள் சில உண்டு. அவை குறைந்த விலைக்குக் கிடைப்பதன் ரகசியம் அதுதான். ஜப்பானிய குபோட்டாவின் 24 எச்.பி. பி2441 அருமையான வண்டி. அதில் எனக்கு ஆட்சேபம் பாகங்களின் விலை மட்டுமே. பழைய குபோட்டாவைப் பழுதோடு வாங்குபவர், பழுது நீக்கும் தொகையை என் கணக்கில் உள்ளதுபோல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்வது நல்லது.

புது மினி வாங்கினால் கணினிப் பெட்டி, சென்சார் என்று கிராமத்து மெக்கானிக் கைவைக்க முடியாதே என்று தயங்குபவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கடுமையான ட்ரெம் 4 புகை விதி 50 எச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கானது. மினி வண்டிகள் அதில் சேரவில்லை. அந்தக் காரணத்துக்காகப் பழையதைத் தேட வேண்டாம்.

மற்ற இரண்டு பேர்

இதே இரண்டு லட்சத்துக்குப் பழைய மாசி பெர்குசன் 1035 போன்ற 36 எச்.பி. வண்டி கிடைக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவார். எந்தக் கடையிலும் பாகம் உண்டு. பழுதுள்ள பழைய வண்டி வாங்குவதற்கு உண்மையில் இதுவே மிகப் பாதுகாப்பான தேர்வு. வாழைக்குள் நுழையாது என்ற ஒரே குறைதான். தென்னை, நெல், மானாவாரி நிலம் உள்ளவர்களுக்கு மினியைவிட இதையே சொல்வேன்.

பவர் டில்லர் குறுகலான இடத்தில் மினியைவிட நன்றாக வளையும். கேரள அரசு நிறுவனமான காம்கோவின் 12 எச்.பி. டில்லர்களும் வி.எஸ்.டி.யின் 13 எச்.பி. டில்லர்களும் பழையதாக நிறையக் கிடைக்கின்றன, பழுது நீக்குவதும் எளிது. ஆனால் பின்னால் நடப்பவர் யார்? நாற்பது வயதைத் தாண்டியவர் ஒரு முழு நாள் டில்லர் பிடித்துவிட்டு மறுநாள் காலையில் அதைப் பற்றிப் பேசட்டும்.

வாடகையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியாகப் பதிவு செய்யலாம். தனியாரைவிட வாடகை குறைவு. பல தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் இயந்திரங்கள் உண்டு. ஊரெல்லாம் ஒரே வாரத்தில் உழும்போது நமக்கு முறை வராது என்பதுதான் வாடகையின் குறை. மல்பெரிக்கு அது பெரிய குறை. அறுவடை முடிந்ததும் உழுது, உரம் வைத்து, தண்ணீர் விட்டால்தான் அடுத்த புழுவளர்ப்புக்கு இலை தயாராகும். ஒரு வாரம் தள்ளிப்போனால் அட்டவணையே நகரும். நெல்லும் சோளமும் மட்டும் உள்ளவருக்கு இந்த அவசரம் ஆண்டுக்கு இரண்டு முறைதான்.

ஆக, நம் ஐந்து ஏக்கர்க்காரருக்கு 40 மணி உழவு மட்டும் என்றால் வாடகை. எழுபதை நெருங்கினால், அல்லது பக்கத்துத் தோட்டங்களுக்கு முப்பது மணி நேரம் ஓட்டிக் கொடுக்க ஆள் இருந்தால், பழைய வண்டி. மானியம் கிடைக்கக்கூடியவர் என்றால் காத்திருந்து புது வண்டி. பழைய வண்டியோடு ரோட்டவேட்டரும் டிரெய்லரும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் கணக்கு சற்று மாறும். சில நேரங்களில் வண்டியைவிட அந்த ரோட்டவேட்டர்தான் விலை பெறும்.

காகிதம்

டிராக்டரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் படிவம் 25இல் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு வயது வண்டியை வாங்கினால் அடுத்த ஆண்டே அந்தச் செலவு உங்களுடையது. ஆர்.சி.யில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்களை வண்டியில் உள்ளதோடு நேரில் ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றிய வண்டிகளில் இது இடிக்கும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் நிதி நிறுவனக் கடன் நிலுவையில் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 வேண்டும். சாதாரணப் பெயர் மாற்றத்துக்கு 29, 30. உரிமையாளர் இறந்துபோய் வாரிசு விற்றால் முதலில் வாரிசு பெயருக்குப் படிவம் 31இல் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விற்கப்படும் வண்டிகள் கிராமங்களில் ஏராளம். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி. உண்டு என்பதையும் மறந்துவிடுகிறார்கள். கடன் கட்டாமல் பறிமுதலான வண்டிகளை யார்டில் ஏலம் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிரமம்: அங்கே கிளப்பிப் பார்க்க விடுவார்கள், ஓட்டிப் பார்க்கப் பெரும்பாலும் விடுவதில்லை. இன்ஜின் நன்றாக இருப்பது மட்டும் தெரிந்து, மற்றவை தெரியாமல் வாங்க வேண்டியிருக்கும். மேலே சொன்னதற்கு நேர் எதிரான நிலை அது.

வாங்கும் மாதமும் முக்கியம். ஆனியில் வாங்கினால் லேத் பட்டறையில் எல்லோருடைய கிராங்க்கும் வரிசையில் நிற்கும். ஆடிக்குள் உங்கள் வண்டி வெளியே வராது. மாசி, பங்குனியில் வாங்கினால் பட்டறைக்காரருக்கும் நேரம் இருக்கும். வேலை முடிந்து, பாரம் அதிகம் ஏற்றாமல் முதல் 50 மணி நேரம் ஓட்டி, எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, கசிவு ஏதாவது இருந்தால் அதையும் சரிசெய்துகொள்ள ஆடி வரை அவகாசம் இருக்கும்.